ஒற்றை மீட்டர்

முதல் சாரல் விழுந்த அன்றே குற்றாலத்தில் குளித்துவிட வேண்டும் என்பது சிவனணைந்தபெருமாள் தனக்கு வைத்திருந்த சட்டம். முப்பத்தாறு வருடம் போலீஸில் இருந்து, எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். அப்பேர்ப்பட்டவரை, தேய்த்த எண்ணெய் காதோரம் வடிய வடிய, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு காவலன் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டான். அருவியில் தண்ணீர் அதிகமாம். குளிக்கத் தடையாம்.

எண்ணெய் உடம்போடு பஸ் ஏறி, சாயங்காலம் திரும்ப வேண்டியவர் பதினோரு மணிக்கே தென்காசி வீட்டுக்குள் நுழைந்தார். குழாயில் தண்ணீர் இல்லை. மோட்டாரைப் போட்டால் கரண்ட் இல்லை. எதிர்வீட்டில் மட்டும் டி.வி. அலறிக்கொண்டிருந்தது.

உள்ளறையில் நெபுலைசர் மெஷின் கிர்ரென்று ஓடியது. ஈரக்காற்று பட்டாலே மூச்சு இழுக்கும் மனைவி சங்கரேஸ்வரி, முகத்தில் மாஸ்க்கோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். கரண்ட் இல்லாத வீட்டில் மெஷின் எப்படி ஓடுகிறது? வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது அடுப்படி ஜன்னல் வழியாக இறங்கி, நடுச்சுவரைத் தாண்டி, தம்பி வேல்ராஜ் வீட்டுக்குள் போனது.

தம்பியோடு பேச்சு நின்று பதினோரு வருடம். பாகம் பிரித்து வீட்டின் குறுக்கே சுவர் எழுப்பியபோதும், மீட்டரைப் பிரிக்க மட்டும் அவர் ஒப்பவில்லை. வாசலில் இரண்டு மீட்டர் தொங்கினால் குடும்பம் உடைந்தது ஊருக்கே தெரியும் என்றார். ஒற்றை மீட்டர் தம்பி பக்கத்துச் சுவரோடு நின்றுபோனது.

"எத்தனை வருசமா இந்தக் கூத்து நடக்குது?"

சங்கரேஸ்வரி மாஸ்க்கை விலக்கி, ஆறு வருடம் என்றாள். அவர் பாகத்து மொட்டைமாடித் தண்ணீர்தான் விரிசல் வழியாக மீட்டர் சுவரில் இறங்குகிறது. ஒரு தடவை சுவிட்சைத் தொட்டவளைக் கரண்ட் தூக்கி அடித்திருக்கிறது. அதிலிருந்து முதல் மழையன்று அவர் குற்றாலம் கிளம்பியதும் வேல்ராஜ் பியூஸ் கட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டு, தன் இன்வெர்ட்டரிலிருந்து அவளுக்கு வயரை நீட்டுவான். பிறகு சுவரேறி மாடிக்குப் போய் விரிசலை மூடிவிட்டு, சாயங்காலம் அவர் திரும்பும் முன் வயரைச் சுருட்டிக்கொண்டு பியூஸை மாட்டிவிடுவான்.

"இப்பவும் கொழுந்தனாரு மேலதான் இருக்காரு."

அவர் கை பிளக்கின் மேல் போய்விட்டது. அவள் மாஸ்க்கை மறுபடி மாட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். கை தானாக விலகியது.

இத்தனை வருடமும் பெண்டாட்டி தம்பி தந்த கரண்டில் மூச்சு விட்டிருக்கிறாள். இவரோ தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறார். படிகளை மிதித்துக்கொண்டு மாடியேறினார்.

தம்பியின் கால் படக் கூடாது என்று அவர் சொல்லியிருந்த தளத்தில், சாரலில் நனைந்தபடி முழங்காலிட்டுத் தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்தான் வேல்ராஜ். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஏலே, யாரைக் கேட்டு ஏறுன?"

வேல்ராஜ் நிமிரவில்லை. "கேட்டா விட்டிருப்பீங்களாக்கும். மதினிக்கு மூச்சு முட்டுனா உங்க கௌரவம் வந்து ஊதிவிடுமா?"

அறைந்திருப்பார். ஆனால் எதிர்வீட்டுச் செண்பகவல்லி ஜன்னலில் நின்று, தினமும் பார்க்கிற காட்சி போல இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஆறு வருடமாகத் தெரியும். தெருவுக்கே தெரியும். தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

"களவாணி மாதிரி செவுரேறி வர்ற சோலி இனி வேண்டாம்," என்றார். "வாசல் வழியா வா. வயரும் வாசல் வழியாத்தான் வரணும். தெரு பாக்கட்டும்."

"வாசலைச் சுத்தி வந்தா வயரு எட்டாதுண்ணே."

"நீளமா வாங்குலே."

எண்ணெய் கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. காலடியில் கிடந்த செங்கல்லை உதைத்துத் தம்பி பக்கம் தள்ளினார்.

"இந்த மூலை காத்துல தூக்கும். கல்லை வைலே, கண்ணு தெரியல?"