கிழிக்காத தாள்

வீரபாண்டி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சுவரில் தொங்கிய சிவகாசித் தினசரிக் காலண்டரில் முகத்தை ஒட்டினாற்போல் வைத்துப் படித்தார்.

"சித்திரை நட்சத்திரம். போச்சு. ரெண்டு மாசம் அடைப்பு."

நட்சத்திரம் சரியில்லாத நாளில் ஒருவர் இறந்தால் வீட்டை மாதக்கணக்கில் பூட்டிவைக்க வேண்டும். மேலநீலிதநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர், தம்பி முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு நேரே காலண்டரிடம்தான் போனார். அழுவதற்கு முன்னால் செய்ய ஏதாவது ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது.

ஞானபூரணம் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எதிரே பெஞ்சில் அவள் புருஷன் பெத்துராஜ் கிடந்தான். தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் அவனுடைய தூக்குச்சட்டி இருந்தது. தறிக்கூடத்திலிருந்து யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சற்றுமுன் தெரியாமல் கை பட்டபோது அடியில் இன்னும் சூடு இருந்தது. காலையில் அவள் கட்டிக்கொடுத்த சோறு. கட்டிக்கொடுத்த சோறு ஆறுவதற்குள் ஒரு ஆள் எப்படி இல்லாமல் போக முடியும் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. மூன்றாவது தறிக்குக் குனிந்தாராம், நிமிரவில்லையாம். பெரியாஸ்பத்திரி வாசலிலேயே கையை விரித்துவிட்டார்களாம். இவ்வளவும் பத்து மணிக்குள்.

வாசல்படியில் நின்ற மூக்காண்டி எட்டிப் பார்த்தார். ஈமக்காரியங்களுக்கு வரும் நாவிதர் அவர்.

"அண்ணாச்சி, அதுல புதன்னுல்லா போட்டிருக்கு? இன்னைக்கு வியாழன்லா?"

வீரபாண்டி கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"ஆமா வே. நேத்துத் தாளுல்லா நிக்கி. இன்னைக்கு யாரும் கிழிக்கலையா?"

ஞானபூரணம் தலையை நிமிர்த்தினாள்.

அந்த வீட்டில் தாள் கிழிப்பது பெத்துராஜின் வேலை. காலை ஆறரைக்கு முகத்தில் சோப்புப் போட்டுக்கொண்டு வந்து, ஈரக்கையால் தாளைச் சர்ரென்று இழுப்பான். அடியில் வரும் புதுத்தாளில் எல்லா ராசிக்கும் ஒவ்வொரு சொல்தான் போட்டிருக்கும். அதைச் சத்தமாக வாசிப்பான். "ஏட்டி, மேஷத்துக்கு இன்னைக்குப் பகை. யாருகூடச் சண்டைக்குப் போவே? நான்தான் ஒனக்கு ஆப்ட்டேன்." மகள் முத்துத்தாயின் ராசிக்கு என்ன போட்டிருந்தாலும் "படிப்பு" என்றே வாசிப்பான். சுவருக்கு அந்தப் பக்கம் பீடி சுற்றும் கதீஜம்மாள், "எனக்கு என்ன தம்பி போட்டிருக்கு?" என்பாள். அவளுக்கு ராசி கிடையாது. இவனாகக் கன்னி என்று கொடுத்திருந்தான். "அஞ்சு பிள்ள பெத்தவளுக்குக் கன்னியாக்கும்! அல்லா, இந்த ஆளு வாயி!" என்று அவள் சிரிப்பது தெருமுனைக்குக் கேட்கும். ஒருவரும் அதை நம்பினதில்லை. கிழித்த தாளில் சவரக்கத்தியின் நுரையை வழிப்பான். ஒரு பக்கம் நிறைந்ததும் திருப்பிப்போட்டு மறுபக்கத்தில் வழிப்பான். அத்தோடு முந்தின நாள் பலன் முடிந்தது.

இன்று காலை அவன் எழுந்திருக்கவில்லை.

"தோள்பட்டை ஒரு மாதிரி வலிக்கிட்டி. கைவரைக்கும் இழுக்கு. இன்னைக்குப் போகவேண்டாமோன்னு பாக்கேன்."

முந்தின நாள் விடியுமுன்பே கிளம்பி, திருவேங்கடத்தில் தங்கை மகள் சடங்குக்குப் போய்விட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பியிருந்தாள் ஞானபூரணம். தங்கை வீட்டுக் கதைகள் மனசு நிறைய இருந்தன. உற்சாகமாக இருந்தாள். அடுப்படிக்கும் நடைக்குமாகப் போய்வந்தவள் காலண்டர் முன்னால் நின்று, அவன் குரலைப் போலவே இழுத்து வாசித்தாள்.

"விருச்சிகம், சுகம். ஏங்க, சுகம்னுல்லா போட்டிருக்கான். சுகமா இருக்க ஆம்பளைக்குப் படுக்கை என்னத்துக்கு?"

அவன் படுத்தபடியே காலண்டரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். பிறகு சிரித்தான். ஒரு நொடி கூடுதலாகவே சிரித்தான்.

"சிவகாசிக்காரன் சொல்லிட்டானா? அப்ப சரி."

எழுந்து சட்டையை மாட்டினான். சவரம் செய்யவில்லை. தாள் கிழிக்கவில்லை. அவள் இரண்டையும் பார்த்தாள், இரண்டையும் கவனிக்கவில்லை.

"கொழுந்தியா," என்றார் வீரபாண்டி. "காலையில ஏதாவது சொன்னானா? நெஞ்சு வலிக்கு, கிஞ்சு வலிக்குன்னு?"

அவள் தூக்குச்சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முத்துத்தாய் பள்ளிக்கூடச் சீருடையிலேயே அப்பாவின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"விடுங்க அண்ணாச்சி, அவளே பித்துப்பிடிச்ச மாதிரி இருக்கா," என்று கதீஜம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். வீரபாண்டி மறுபடி காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞானபூரணம் கதீஜம்மாளின் காதருகே குனிந்தாள்.

"அக்கா, தோளு வலிக்குன்னாரு. நான்தான் எழுப்பி அனுப்பிச்சேன். சுகம்னு போட்டிருக்குன்னு வாசிச்சு அனுப்பிச்சேன்."

"என்னட்டி சொல்லுதே?"

"விருச்சிகத்துக்குச் சுகம்னு..."

கதீஜம்மாள் காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது நேத்து உள்ளதுல்லா," என்றாள் மெதுவாக. "நீ ஊர்ல இல்ல. நேத்துக் காலைல தம்பி வாசிச்சாரு. எனக்குச் செய்தின்னாரு, அதே மாதிரி மத்தியானம் சவூதியில இருந்து என் தம்பி லெட்டர் வந்துது. தனக்குச் சுகம்னு வாசிச்சுட்டு, 'பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்கால்லா, சிவகாசிக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சுதோ'ன்னு ஒரே சிரிப்பு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஞானபூரணம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் அவனுக்குத் தெரியும். படுத்தபடியே காலண்டரைப் பார்த்தபோதே அது பழைய தாள் என்று தெரியும். 'அது நேத்துள்ளதுட்டி' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். திரும்பிப் படுத்திருக்கலாம். அவள் முதல்தடவையாக அவனைப்போல் வாசித்துக் காட்டியிருக்கிறாள் என்று எழுந்து போயிருக்கிறான்.

சர்ரென்று தாள் கிழியும் சத்தம் கேட்டது.

அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. பெஞ்சைப் பார்த்தாள். அவன் அப்படியேதான் கிடந்தான். வீரபாண்டிதான் கிழித்திருந்தார்.

"சுவாதி," என்றார். "அடைப்பு இல்ல. நல்லவேளை." சொன்னபிறகுதான் தம் சொல் அவர் காதில் விழுந்திருக்கவேண்டும். கண்ணாடியைக் கழற்றினார். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு குலுங்கினார்.

அவர் கையிலிருந்து நழுவிய தாள் தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. ஞானபூரணம் அதை எடுத்து நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். சுவரில் இன்றைய தாள் நின்றது. அதன் பன்னிரண்டு சொற்களும் அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சின்னச் சின்ன எறும்புகளாகத்தான் தெரிந்தன. அவள் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

உச்சிவேளை கடந்து, குளிப்பாட்டுவதற்காகப் பெஞ்சை முற்றத்துக்குத் தூக்கினார்கள். மூக்காண்டி தாடைக்கட்டை அவிழ்த்தார். கன்னத்தில் தண்ணீர் தொட்டுச் சோப்பைக் குழைத்துத் தடவினார். ஒரு நாள் முள், கருப்பும் வெள்ளையுமாக இருந்தது. காலையில் எழுந்ததும் சவரம் செய்யாமல் அவன் வெளியே போய் இதற்குமுன் ஞானபூரணம் பார்த்ததே இல்லை.

மூக்காண்டி கத்தியை எடுத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"ஆத்தா, ஒரு துண்டுத் தாள் இருந்தா குடுங்க. கத்தியை வழிக்கணும்."

கதீஜம்மாள் எழுந்திருக்கப் போனாள். அதற்குள் ஞானபூரணம் பெஞ்சருகே வந்துவிட்டாள். மடிப்பைப் பிரித்து, தாளை இடது உள்ளங்கையில் விரித்து நீட்டினாள்.

மூக்காண்டி ஒரு கன்னத்தை மழித்து, வரிவரியாக நுரையை அதில் வழித்தார். புதன்கிழமை மறைந்தது. நட்சத்திரம் மறைந்தது. எல்லாச் சொற்களும் நுரைக்கு அடியில் போயின.

மறுகன்னத்துக்கு அவர் சுற்றிவந்து நின்றபோது, அவள் தாளைத் திருப்பிப் பிடித்தாள்.