மச்சினன் பிடித்த கயிறு

என் அக்கா சேஷம்மாளின் கணவர் யக்ஞநாராயணன் காலேஜில் தாவர சாஸ்திரம் சொல்லிக்கொடுப்பவர். அந்த வருஷம் கல்பாத்தித் தேருக்குக்கூட நிற்காமல் மலைமேல் சக்குபள்ளத்தில் வந்து இறங்கினார். நான் அங்கே ஏலத்தோட்ட ஆபீசில் குமாஸ்தா. மரம் என்றால் நிழலுக்கு ஒதுங்குவதோடு சரி.

தோட்டத்துக்கு மேலிருந்த காட்டை மரம் வெட்டக் கூப்புக்கு விட்டிருந்தார்கள். தை பிறந்தால் கோடாலி விழும். அதன் நடுவில் நிற்கும் ஒரு மரம் வேறெங்கும் கிடையாது என்று அத்திம்பேர் சாதித்தார். பூவைப் பார்த்தால்தான் அதற்குப் பேர் வைக்க முடியுமாம். பேர் வைத்தால்தான் சர்க்காரிடம் காட்டுக்காக வாதாடலாமாம். பூவோ உச்சியில்.

"கெளையை வெட்டிப் போடச் சொல்லுங்கோளேன்."

"மேல வேற ஒரு காடே இருக்குடா வெங்கிடு. மண்ணையே பாக்காத செடியெல்லாம் இருக்கு. அதுக்கு நடுவுல பூ எப்படி இருக்குன்னு நானே பாக்கணும்."

தலை நரைத்த பிறகு மரமேறக் கிளம்பியவரிடம் என்ன பேசுவது?

தோட்டத்து வேலையோடு தேனும் எடுக்கும் மொக்கையன் அடிமரத்தில் மூங்கில் முளை அடித்துக் கொடுத்தான். கயிற்றை மட்டும் தொட மறுத்தான்.

"ஏறுதவுகளுக்குப் பொண்டாட்டி கூடப் பொறந்தவந்தான் கயிறு பிடிக்கணும் சாமி. விட்டா அவன் அக்கா தாலியில்லா போகும்? அதான் விட மாட்டான். அவுக எறங்கி ஒங்க தோளத் தொடுதவரைக்கும் யாரு சொன்னாலும் விடாதீய."

அவன் இப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. போன வருஷம் இதே மரத்தில் அவனுடைய மச்சான், அக்கா பேச்சியம்மாளின் கணவர், தேனுக்கு ஏறினார். மொக்கையன் காய்ச்சலில் கிடந்ததால் தேன் காண்ட்ராக்டரின் ஆள் கயிற்றைப் பிடித்தான். மஞ்சு மூட்டத்துக்குள்ளிருந்து "எறங்கிட்டேன், விடு" என்று குரல் வந்ததாம். விட்டுவிட்டான். மச்சான் இறங்கவில்லை, விழவும் இல்லை. அடியில் ஓர் எலும்புகூடக் கிடைக்கவில்லை. பேச்சியம்மாள் இன்றுவரை தாலியைக் கழற்றவில்லை.

இதைக் கேட்டும் அத்திம்பேர் மாப்பிள்ளை மிடுக்கோடு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். கயிறு ஒரு பெரிய கிளையைத் தாண்டி என் கைக்கு வந்தது.

அவர் இலைகளுக்குள் மறைந்த கொஞ்ச நேரத்தில் மஞ்சு இறங்கியது. பட்டப்பகலில் என் முழங்கைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அதுவரை காதைத் துளைத்த சில்வண்டுகள் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டன. கயிறு மட்டும் கொஞ்சம் ஏறுவதும் தளர்வதுமாக இருந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

திடீரென்று கயிறு கனத்தது. ஒரு மனுஷனின் முழுப் பாரம். தவறிவிட்டார்! காலை வேரில் உதைத்துக்கொண்டு பிடித்தேன். அக்காவின் நெற்றிக் குங்குமம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"வெங்கிடு, விட்டுடு. நான் எறங்கியாச்சு."

என் முதுகுக்குப் பின்னால் அத்திம்பேரின் குரல். முன்னாலோ கயிற்றில் பாரம். உள்ளங்கை தோலுரிந்து எரிந்தது.

"தோளைத் தொடுங்கோ" என்றேன். "தொடுங்கோன்னா!" வெட்கமில்லாமல் அழுதேன்.

ஒரு கை தோளில் விழுந்தது. பாசி நாற்றம் அடித்தாலும் சூடான கை. திரும்பினேன். அத்திம்பேர்தான். கையில் வெளிறிய பூங்கொத்து. இடுப்பில் கயிறு இல்லை. கிளைகளுக்குள் சிக்கிக்கொண்டதால் அவிழ்த்துவிட்டு முளையைப் பிடித்தே இறங்கினாராம். இவரெல்லாம் பாடம் நடத்துகிறார்!

"அப்ப இது யாரு?"

கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "எங்கயாவது மாட்டிண்டிருக்கும்" என்றார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். மாட்டிய கயிறு சும்மா கிடக்கும். இது தூங்குகிறவன் மார்பு மாதிரி மெல்ல ஏறி இறங்கியது.

மொக்கையன் வந்து கயிற்றில் உள்ளங்கையை வைத்தான். வெகுநேரம் எடுக்கவில்லை.

"குடுங்க சாமி. இது எங்க மச்சான்."

அவன் கைக்குப் போனதும் கயிறு ஒருமுறை குலுங்கியது. "மச்சான், நாந்தான் பிடிச்சிருக்கேன். பைய எறங்குங்க" என்று மேலே பார்த்துச் சொன்னான். எதுவும் இறங்கவில்லை. பாரமும் போகவில்லை. கயிற்றை வேரில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு கையை அதன் மேல் வைத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டான். வேலைக்குக் கூப்பிடப் போன கங்காணியும் ஒருமுறை கயிற்றைத் தொட்டுவிட்டு, அவனைக் கூப்பிடாமலே திரும்பி வந்தார்.

அத்திம்பேர் மரத்துக்கு ஒரு பேர் வைத்துத் திருவனந்தபுரம் சர்க்காருக்கு அனுப்பினார். பதில் வரவில்லை. தைதான் வந்தது, கூப்பு ஆட்களும் வந்தார்கள்.

"இந்தக் கயிறு தளந்த பொறவு வெட்டிக்கிடுங்க" என்றான் மொக்கையன், எழுந்திருக்காமல்.

"அறுத்துப் போட்டுட்டு வெட்டுங்கடா!" கூப்புக் காண்ட்ராக்டர் குதித்தார்.

அப்போதுதான் ஆட்களை விலக்கிக்கொண்டு பேச்சியம்மாள் வந்தாள். அதுவரை அவள் அந்த மரத்தடிக்கு வந்ததே இல்லை. தம்பியின் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி, பாரம் பார்த்தாள்.

"ரொம்ப எளச்சுப் போயிட்டாவ" என்றாள்.

முன்னால் நின்றவன் கோடாலியைக் கீழே வைத்தான்.