மண்டபத்துக்கு வாசல் எழுதியவர்

பொது நூலகத்தின் வடக்குச் சுவரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கதவு முளைத்தது. இரட்டைக் கதவு, வெளிப்பக்கம் திறப்பது, மேலே சிவப்பு எழுத்தில் ‘அவசர வழி’ என்ற பலகை வேறு. முந்தின மாலை வரை அந்த இடத்தில் சரித்திரப் புத்தக அலமாரி நின்றிருந்தது. அது இரண்டடி தள்ளி நின்று கதவுக்கு இடம் கொடுத்திருந்தது. நூலகர் திறந்து பார்த்தார். சைக்கிள் நிறுத்துமிடம் தெரிந்தது, காற்றும் நன்றாக வந்தது. மூடிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த வாரம் வெங்காய விலை ஏறிக் கிடந்ததால் ஊரில் இதைப் பற்றிப் பெரிய பேச்சு எழவில்லை.

கதவு எங்கிருந்து வந்தது என்பது அப்போது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர், பொதுக் கட்டடங்களைப் பார்வையிட்டுத் தீத்தடுப்பு அறிக்கை எழுதும் அரசு ஆய்வாளர். பார்வையிட்டு என்பதெல்லாம் பேச்சுக்கு. அவருக்கு ஜீப் உண்டு, ஓட்ட ஆள் உண்டு, டீசல் மட்டும் கிடையாது. ஒரு வருஷம் டீசல் வந்தது, அதற்குள் அவருக்கு உட்கார்ந்து பழகிவிட்டிருந்தது. ஊர் அவருக்கு வைத்த பெயர் நாற்காலி. முகத்துக்கு நேரே நாற்காலி சார். ஆவண அறையிலிருந்து ஏதாவது ஒரு பழைய அறிக்கையை எடுப்பார், கட்டடத்தின் பெயரை மாற்றுவார், தேதியை மாற்றுவார், கையெழுத்துப் போடுவார். அவசர வழி உண்டா, மணல் வாளி உண்டா, அபாய மணி அடிக்கிறதா என்று படிவம் கேட்கும் எல்லாவற்றுக்கும் உண்டு, உண்டு, உண்டு. இல்லை என்று எழுத அவருக்கு மனசு வராது. பாவம், எந்தக் கட்டடத்தையும் புண்படுத்த விரும்பாத மனிதர். அவர் நூலகத்துக்கு அப்படி எழுதியது திங்கட்கிழமை. இன்னொருவர் ஆவண அறையைக் காப்பவர், கோப்பம்மா. அவர் முத்திரை குத்தினால்தான் அறிக்கை அறிக்கை. திங்கட்கிழமை சாயங்காலம் குத்தினார், செவ்வாய்க்கிழமை கதவு வந்தது. இருவரும் கோப்பைத் திறந்து பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், காதும் காதும் வைத்த மாதிரி கோப்பை மூடினார்கள்.

அதன்பிறகு இது வழக்கமாகிவிட்டது. பதிவு அலுவலகத்துக்கு இரண்டாவது மாடிப்படி வந்தது. தபால் நிலையத்தின் மூலைகளில் மணல் வாளிகள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. நீதிமன்றத்தின் திரைச்சீலைகள் தீப்பிடிக்காத துணியாயின. ஒரு முறை மின்கசிவில் கிளம்பிய தீ அந்தத் திரையில் ஏறி, காக்கை கம்பியில் உட்கார்ந்திருப்பது போலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டது. வருஷக்கணக்கில் ஊரில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு தீ விபத்து இல்லை. தீயணைப்பு வீரர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பூங்காச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டார்கள். எல்லோருக்கும் கொஞ்சம் சதை போட்டது.

தவறு நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு தடவை திரையரங்கின் அறிக்கையை எடுத்துப் பிரசவ ஆஸ்பத்திரியின் பெயரைப் போட்டுவிட்டார். மறுநாள் வார்டின் தரை சரிந்து, கட்டில்கள் வரிசை வரிசையாக ஒரே பக்கம் பார்த்து நின்றன. வாசலில் டிக்கெட் கவுண்ட்டர் வந்துவிட்டது. ஆய்வாளரின் மனைவி அதே ஆஸ்பத்திரியில் தலைமைச் செவிலி. சக்கர நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்துக் கை ஓய்ந்து வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தார்.

“ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எந்திரிச்சு நேர்ல வந்து பாருங்களேன். குறைஞ்சா போயிடுவீங்க?”

“நாளைக்குத் திருத்தி எழுதிடறேன்மா.”

“குழந்தை பிறந்தா வெளியில நிக்கிறவங்க கை தட்டுறாங்க. இடைவேளை எப்போன்னு கேக்கறாங்க.”

காலையில் திருத்தி எழுதினார், கோப்பம்மா முத்திரை குத்தினார், மத்தியானத்துக்குள் தரை சமமாயிற்று. கை தட்டும் பழக்கம் மட்டும் அந்த ஆஸ்பத்திரியில் அப்படியே நின்றுவிட்டது.

இவர்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை, மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவனை இந்தக் கோடியிலிருந்து பெயர் சொல்லி அதட்டுகிற குரல். வயது இருபத்தேழு ஆகியும் அப்பாவுக்கு அவள் பாப்பாதான். அவர் நாற்காலியை விட்டுத் தானாக எழுந்து போகிற ஒரே சமயம், அவள் பள்ளியிலிருந்து வரும் நேரத்தில் வாசலுக்குப் போவதுதான். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஊர்ப் பொது மண்டபத்தில்தான் வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா, அதாவது சம்பந்தியம்மா, ஒற்றைக்காலில் நின்றார். அவர்கள் பக்கத்தில் மட்டுமே முந்நூறு பேர். எல்லோரையும் தாங்குகிற கட்டடம் அது ஒன்றுதான்.

அழைப்பிதழ் கொடுக்க நாற்காலி சார் வீடு வீடாகப் போனார். ஊரே அசந்துபோனது. அந்த அலைச்சலில் அலுவலகத்தில் அறிக்கைகள் மலையாகக் குவிந்துவிட்டன. கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரே மூச்சில் உட்கார்ந்து அத்தனையையும் எழுதித் தள்ளினார். பொது மண்டபத்தின் முறை வந்தபோது சமையல்காரர் போனில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லிக்கொண்டே கையில் கிடைத்ததைப் பார்த்து எழுதினார். கையில் கிடைத்தது கருவூலத்தின் பணக்காப்பு அறை அறிக்கை. கோப்பம்மாவும், மறுநாள் என்ன உடுத்துவது என்ற யோசனையில், படிக்காமல் குத்திவிட்டார்.

மறுநாள் மண்டபத்துக்கு ஒரு ஜன்னல்கூட இல்லை. நான்கு பக்கமும் வழுவழுவென்று சுவர், முன்னால் ஓர் இரும்புக் கதவு. அலங்காரக்காரர் மட்டும், ஜோடனை செய்ய இடம் அதிகம் கிடைத்ததென்று மகிழ்ந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே போனார்கள். பதிவாளர் போனார், போட்டோகிராபர் போனார், அவருக்கு விளக்குப் பிடிப்பவர் போனார், சம்பந்தியம்மா போனார். ஏழாவதாகக் காலை வைத்த மாப்பிள்ளையின் தாய்மாமன் மறுகணம் தெருவில் நின்றார். சட்டை கசங்கவில்லை, தலை கலையவில்லை, வைத்த கால் வைத்தபடி தெருவில் இருந்தார். அடுத்தவர் முயன்றார், அவரும் தெருவுக்கு வந்தார். ஆய்வாளரும் மனைவியும் ஆளுக்கு நாலு தடவை முயன்றார்கள். கோப்பம்மாவுக்கு முந்தின நாள் படிக்காமல் குத்தியது நினைவுக்கு வந்தது. “சார், கருவூலத்துல ஆறு பேருக்கு மேல உள்ள போகக்கூடாது,” என்றார் மெதுவாக.

இது வரைக்கும் சிரிப்புத்தான். தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே கையெழுத்து ஆகட்டும், வெளியே சாப்பாடு ஆகட்டும் என்று ஊர் சமாதானமாகிவிட்டது. ஆறு பேரில் ஒருவர் வெளியே வந்து பெண்ணின் அப்பாவுக்கு வழிவிடலாமே என்று கேட்டதற்குச் சம்பந்தியம்மா காது கேட்காத மாதிரி இருந்தார். போட்டோகிராபர், முன்பணம் வாங்கியாயிற்று என்றார். அப்போதுதான் விளக்குச் சூட்டில் ஜோடனைத் துணி கருகிப் புகைந்தது. மணி அடித்தது. கருவூல அறிக்கையில், அபாய மணி அடித்தால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், சாவி கருவூல அதிகாரியிடம் இருக்கும் என்று ஒரு வரி உண்டு. பணத்தைக் காப்பதற்கு அது நல்ல ஏற்பாடு. கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. கருவூல அதிகாரி லீவு எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருந்தார்.

விருந்தாளிகளாக வந்திருந்த தீயணைப்பு வீரர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கதவை முட்டினார்கள். தோள்தான் வலித்தது. வண்டி பூங்காவில் நின்றது. அதைக் கொண்டுவர ஒருவர் ஓடினார், ஓடிப் பழக்கம் விட்டுப்போய் பாதியில் மூச்சு வாங்க நின்றார். கதவின் அடியில் மெல்லிய புகை வந்தது. உள்ளேயிருந்து பாப்பாவின் குரல் இரும்பைத் தாண்டிக் கேட்டது.

“அப்பா, இங்க வாசல் ஒண்ணுதான் இருக்கு, அதுவும் திறக்க மாட்டேங்குது. இதை யாருப்பா பாஸ் பண்ணினது?”

தெருவே அவரைப் பார்த்தது. இத்தனை வருஷமாகத் தீ என்பது அவருக்கு ஒரு படிவத்தின் தலைப்பு. இப்போதுதான் அதன் வாசனை மூக்கில் ஏறுகிறது. தன் கையெழுத்துக்குள் தன் குழந்தை மாட்டிக்கொண்டிருக்கிறாள். “நான்தான்மா,” என்றார். அது கதவைத் தாண்டிப் போயிருக்காது.

கோப்பம்மா கைப்பையைத் திறந்தார். அலுவலக அலமாரியை அவர் நம்பியதே இல்லை. முத்திரையும் மைப்பெட்டியும் எங்கே போனாலும் கூடவே வரும். எழுதக் காகிதம் இல்லை. மனைவியின் பையில் மிஞ்சிப்போன அழைப்பிதழ்கள் இருந்தன. மனைவி ஒன்றை எடுத்து, வெற்றுப் பின்பக்கம் மேலே வர நீட்டினார். ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எதிரே பார்த்து எழுத ஓர் அறிக்கை இல்லாமல் அவர் எழுதியதே கிடையாது. ‘மேற்படி கட்டடத்தில்’ என்று எழுதினார், அதோடு நின்றார்.

“மேற்படியாவது கீழ்ப்படியாவது. வாசல்னு எழுதுங்க,” என்றார் மனைவி. “உங்க பொண்ணு வெளியில வரணும். எங்க வாசல் வேணும்னு பார்த்து எழுதுங்க.”

அவர் எழுந்தார். அரசுப் பணியில் முதல் முறையாக ஒரு கட்டடத்தைச் சுற்றி நடந்தார், நடந்தார் என்ன, ஓடினார். வடக்கே சாக்கடை மேடு, அந்தப் பக்கம் வந்தால் பெரியவர்கள் தடுக்கி விழுவார்கள். மேற்கே சமையல் அடுப்பு, அங்கே கூடாது. கிழக்கே நல்ல தரை. சுவரில் காதை வைத்துக் கேட்டார். இருமல் எங்கே கேட்டதோ அதற்கு நேரே நின்று, சுவரிலேயே அழைப்பிதழை வைத்து எழுதினார்: ‘கிழக்கே வாசல் ஒன்று. ஆறடி அகலம். வெளிப்பக்கம் திறக்கும். பூட்டு கிடையாது.’ கோப்பம்மா பின்னாலேயே ஓடிவந்து குத்தினார். ஈரமான மை காயும் முன்பே சுவர் வழிவிட்டது, கதவு வந்தது, திறந்தது, புகையோடு விளக்குக்காரர் வெளியே வந்தார். ஆய்வாளர் நிற்கவில்லை. அடுத்த அழைப்பிதழ், அடுத்த வாசல். பதிவாளர் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். போட்டோகிராபர் படம் எடுத்துக்கொண்டே வந்தார். கிழக்கே இன்னும் இரண்டு வாசல், தெற்கே முன்பக்கம் மூன்று, அடுப்பை நகர்த்தச் சொல்லிவிட்டு மேற்கிலும். மனைவி அழைப்பிதழ் நீட்ட, அவர் எழுத, கோப்பம்மா குத்த, சுவர் திறந்துகொண்டே போனது. வாளித் தண்ணீரோடு வீரர்கள் உள்ளே பாய்ந்து துணியை அணைத்தார்கள். சம்பந்தியம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை இருவரையும் தள்ளிக்கொண்டு, ஒரு வாசல் வழியாகச் சேர்ந்தாற்போல் வந்தார்கள். பாப்பாவின் மூக்கில் கரி.

ஆய்வாளர் அதைப் பார்க்கவில்லை. மேற்குச் சுவரில் அழைப்பிதழை வைத்து இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நிறைந்து எழுத்து கோணிக்கொண்டு போனது; அந்த வாசல்கள் இன்றும் சற்றுக் கோணல்தான். மனைவி வந்து கையைப் பிடித்தார்.

“போதுங்க. வந்துட்டா.”

“இன்னும் ஒண்ணு,” என்றார். எழுதினார். பாப்பா வந்து பக்கத்தில் நின்று, அவர் எழுதி முடிக்கும் வரை பொறுத்திருந்து, பேனாவை வாங்கி மூடினாள். “மண்டபத்தைச் சுத்தி நடந்தே வந்துட்டீங்களாப்பா,” என்றாள். அவர் அவள் மூக்கிலிருந்த கரியைக் கட்டை விரலால் துடைத்தார். அது கன்னமெல்லாம் பரவியது. கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் அவள் அப்படித்தான் இருக்கிறாள்.

மத்தியானம் அதே மண்டபத்தில் கையெழுத்து ஆயிற்று. கருவூல அறிக்கை ரத்தாகி, வாசல் முப்பத்தொன்று ஆகிவிட்டதால் எல்லோரும் ஒரே சமயத்தில் உள்ளே போனார்கள், யாரும் தெருவுக்குத் திரும்பி வரவில்லை, காற்று இலவசமாக வீசியது. அந்த அறிக்கைக்குப் பதிலாக வைத்த புதுப் படிவத்தில், எத்தனை பேர் இருக்கலாம் என்று எழுத வேண்டிய கட்டம் காலியாக இருப்பதைக் கோப்பம்மா காட்டினார். ஆய்வாளர் நாற்காலிகளுக்கு இடையே நடந்து, ஒவ்வொரு தலையாக எண்ணி, அதை நிரப்பினார். மண்டபத்தைக் கூட்டுகிறவருக்கு மட்டும் இத்தனை வாசலை யார் சாத்துவது என்று மனத்தாங்கல், அவர் சாத்துவதில்லை. தாமதமாக வருகிறவர்கள் கண்ணில் படாமல் நுழையலாம் என்பதால் மண்டபத்துக்குக் கிராக்கி கூடியது. நாற்காலி சார் ஜீப்புக்குக் காத்திராமல் நடந்தே போய் ஒவ்வொரு கட்டடமாகப் பார்த்து எழுத ஆரம்பித்தார். ஊர் அவரை இன்னும் நாற்காலி சார் என்றுதான் கூப்பிடுகிறது.

முப்பத்தொரு அழைப்பிதழ்களும் நூலால் கோக்கப்பட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் போயின. அங்கே ஓர் அதிகாரி அவற்றை ஒன்று விடாமல் புரட்டிவிட்டு விளக்கம் கேட்டு எழுதினார்: விதிப்படி இந்த அளவுள்ள மண்டபத்துக்கு நான்கு வாசல் போதும், முப்பத்தொரு வாசலுக்குக் காரணம் என்ன. ஆய்வாளர் ஒரே வரியில் பதில் எழுதினார்: ‘என் மகள் உள்ளே இருந்தாள்.’ ஒரு வாரத்தில் கோப்பு திரும்பி வந்தது. அதிகாரிக்கும் வீட்டில் பெண் இருந்திருக்க வேண்டும். ஓரத்தில் பச்சை மையில் ‘காரணம் சரி’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.