உடன் அனுப்பிய நிரல்கள்

பிறர் எழுதிய நிரல்களை நம்முடைய பொதியில் சேர்ப்பதா, வேண்டாமா என்ற வாதம் ஹட்டனில் ஒரு சிறு கணினி நிலையத்தின் மாடியறையில் ஒரு மழைக்காலம் முழுவதும் நடந்தது. வாதிட்டவர்கள் இருவரே. மயூரதன் யாழ்ப்பாணத்தவர், கணித ஆசிரியராயிருந்து, பாடசாலைகளுக்கான இணையத்தளங்களை எளிதில் கட்டுவதற்கென ஒரு மென்பொருள் சட்டகத்தைத் தாமே எழுதியவர். தனுஜா அவருடைய ஒரே ஊழியர். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வீட்டிலிருந்து பஸ்ஸில் வருபவள்.

சட்டகம் தனித்து இயங்காது. உள்நுழைவுக்கும் அச்சுக்கும் வெளியார் எழுதி இலவசமாக விட்ட நிரல் தொகுப்புகளான லைப்ரரிகள் தேவை.

“தேவைப்படேக்கை இணையத்திலை இருந்து எடுக்கிறதுதான் முறை. நாங்கள் காவிக்கொண்டு திரிஞ்சா, அதின்ரை பழுதும் எங்கடை தலையிலைதான்,” என்றார் மயூரதன்.

“லைன் இருந்தா எடுக்கலாம் சேர். நல்லதண்ணிப் பக்கம் மழை பெஞ்சா ஃபோனே செத்துப் போகுது. அப்ப எங்க போய் எடுக்கிறது, மலை உச்சிக்கா?”

அவர் சிரிக்கவில்லை, ஆனால் இணங்கினார். இணங்கியபின் எதையும் அரைகுறையாகச் செய்பவரல்லர். லைப்ரரிகள் அனைத்தும் சட்டகத்தோடு ஒரே குறுவட்டில் சேர்ந்தன.

நல்லதண்ணிக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் அதை நிறுவிக் காட்டவேண்டியிருந்தது. நிதி தரும் அமைப்பின் அதிகாரி கொழும்பிலிருந்து வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தியானால் ஏனைய தோட்டப் பாடசாலைகளுக்கும் அதுவே போகும். இல்லையேல் நிலையம் அம்மாதத்தோடு மூடப்படும். மூடினால் தனுஜாவின் பெயரைத் தோட்டத்தில் பதிந்துவிடுவதாக அவள் தாய் மீனம்மா கங்காணியிடம் சொல்லிவைத்திருந்தாள். அதன்பின் அவளும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கூடையோடு நிற்கவேண்டியதுதான்.

அதிகாரி வந்த அன்று மழை விடவில்லை; தொலைபேசி இணைப்பும் எதிர்பார்த்தபடியே இல்லை. குறுவட்டிலிருந்து நிறுவல் தடையின்றி முடிந்தது. ஆசிரியை சண்முகவடிவு வகுப்பறைக் கணினியொன்றில் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டார். திரை அவரை ஏற்று வணங்கியது. அடுத்த சொடுக்கில் மீண்டும் பெயரைக் கேட்டது.

“உள்ள விடுறான், உடனே கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுறான். நம்ம தோட்டத்துக் கண்டாக்கையா மாதிரில்ல இருக்கான்,” என்றார் அவர்.

அதிகாரி புன்னகைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

மயூரதன் தாம் எழுதிய பகுதிகளை வரிவரியாகத் திறந்தார். தனுஜா பக்கத்திலிருந்த, மற்றக் கணினிகளுக்குத் தளத்தை வழங்கும் தலைமைக் கணினியின் தேதியைப் பார்த்தாள். நன்கொடையாக வந்த பழைய கணினி அது. உள்ளிருந்த மின்கலம் செத்துவிட்டதால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் எட்டு ஆண்டு பின்னால் போய்விடும். ஆனால் அதை அவள் ஐயுறவில்லை. முன்பு வந்து சோதித்த நாளிலேயே அதற்கு மருந்திட்டிருந்தாள்: உள்நுழைவோருக்கு லைப்ரரி தரும் அனுமதிச் சீட்டில் காலாவதித் தேதி எழுதப்படாதபடி, அந்த லைப்ரரிக்குள்ளேயே கைவைத்துத் திருத்தியிருந்தாள். மயூரதனோ லைப்ரரிகளை ஐயுறவில்லை. அவை புத்தம் புதியவை என்பது அவருக்குத் தெரியும்.

ஆகவே இருவரும் குற்றமில்லாத இடத்திலேயே குற்றத்தைத் தேடினர்.

“மூடுபனி இறங்கினால் டிரைவர் வண்டி எடுக்கமாட்டார்,” என்று அதிகாரி எழுந்தார். “குறை நினைக்காதீர்கள். நான் பார்த்ததைத்தான் எழுதமுடியும்.”

வண்டியின் ஓசை வளைவில் மறைந்தபோதும் மயூரதன் விசைப்பலகையிலிருந்து கையெடுக்கவில்லை. வேறு வழியற்றே தனுஜா லைப்ரரிகள் இருந்த கோப்புறையைத் திறந்தாள். உள்ளிருந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“சேர், இது நான் திருத்தினது இல்லையே.”

“நீர் என்னத்தைத் திருத்தினீர்?”

சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“குறுவட்டு எழுத முதல் எல்லாத்தையும் கடைசிப் பதிப்பா மாத்திப் போட்டனான். பழசிலை பாதுகாப்பு ஓட்டை இருக்கெண்டு அறிவிச்சிருந்தவை. சேர்த்து அனுப்புறதெண்டா நல்லதைத்தானே அனுப்பவேணும்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீர் சொன்னீரோ?”

“ரெண்டே வரி சேர். அதப் போய் என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்.”

தலைமைக் கணினி தன் பழைய ஆண்டுக் கணக்கில் சீட்டை எழுதித் தர, ஏனைய கணினிகள் அதைக் காலாவதியானதென்று எறிந்துகொண்டிருந்தன. அவ்வளவுதான். தனுஜா அவ்விரு வரிகளை மறுபடி திருத்தினாள். சண்முகவடிவு பெயரையிட்டார், உள்ளே போனார், எங்கு சொடுக்கியும் அது அவரை வெளியே தள்ளவில்லை.

மயூரதன் குடையின்றி வெளியேறி, கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறினார். நனைந்து திரும்பியவர் கதவருகே நின்றார்.

“இப்ப வேலை செய்யுதெண்டு அதிகாரியிட்டைச் சொன்னன். சந்தோசமாம். ஆனா தீர்மானத்தைக் கொழும்புக்கு அறிவிச்சிட்டாராம்.”

தனுஜா கணினியின் தட்டைத் திறந்தாள். குறுவட்டை உறையிலிட்டாள்.

“இத இங்கேயே விட்டுட்டுப் போவீங்களா, கழட்டிருவீங்களா?” என்று கேட்டார் சண்முகவடிவு. “பிள்ளைங்க மார்க்கெல்லாம் இதிலயே போட்டுரலாம்னு பார்த்தேன்.”

“இருக்கட்டும் டீச்சர்.”

“பழுதானா நிலையத்துக்குத்தானே ஃபோன் எடுக்கணும்?”

தனுஜா கரும்பலகையின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் ஓர் எண்ணை எழுதினாள்.

“நிலையத்துக்கு வேணாம் டீச்சர். இது எங்க அம்மா நம்பர். சாயங்காலமா எடுங்க. நானும் அம்மாவும் கொழுந்த எடை போட்டுட்டு லயத்துக்கு ஏறி வர நேரமாகும்.”