பன்னிரண்டுக்குள் அடங்கிய தேதி

2024 ஜூன் 2, ஞாயிறு, காலை 9.40. மருத்துவமனையின் மூன்றாம் மாடி, தீவிர சிகிச்சைப் பிரிவு. மருத்துவர் கணினித் திரையை மகளின் பக்கம் திருப்பினார்.

"செயற்கை சுவாசம் வேண்டாம்னு உங்க அப்பா எழுதிக் கொடுத்தது இருக்கு. ஆனா ஒரு வருஷம்தான் செல்லும். இது போன வருஷம் ஏப்ரல் பதினொண்ணு. காலாவதி ஆயிடுச்சும்மா."

கண்ணாடிக்கு அப்பால் அப்பாவின் வாயில் குழாய். அதைப் பிடுங்கிவிடாமலிருக்க இரண்டு கைகளையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். நினைவு திரும்பாது என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். கைகளுக்கு அது தெரியவில்லை.

"அதான் கம்ப்யூட்டரே சொல்லுதே. விடு பாப்பா," என்றார் அண்ணன்.

அப்பா கையெழுத்திட்டபோது அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். நவம்பர் நான்கு. "செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி என்னைக் கெடத்தி வைக்காதீங்க," என்று சிரித்தபடி 04/11/23 என்று எழுதினார்.

ஜனவரியில் இந்த மருத்துவமனையின் பழைய தரவுத்தளத்தைப் புதியதற்கு மாற்றியது அவள்தான். தேதி எழுதும்போது ஒரு கிளையில் நாள் முதலில் வரும், இன்னொன்றில் மாதம். ஆண்டுக்கு இரண்டே இலக்கம். எல்லாவற்றையும் மாதம் முதலில் என்றே படிக்கவைத்தாள். பதின்மூன்றும் அதற்கு மேலும் மாதமாக முடியாமல் பிழை காட்டின, திருத்தினாள். பன்னிரண்டுக்குள் அடங்கியவை சத்தமில்லாமல் உள்ளே போயின. அறிக்கையில் 'பிழை இல்லை' என்று எழுதினாள். அதை நம்பி, கையெழுத்திட்ட மூலத் தாள்களை அழித்துவிட்டார்கள்.

சொன்னால் குழாயை எடுப்பார்கள். சொல்லாவிட்டால் அப்பா இப்படியே கிடப்பார், வாரமோ மாதமோ.

"டாக்டர், அந்தத் தேதி தப்பு. நவம்பர் நாலு. நாளும் மாசமும் இடம் மாறியிருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அண்ணன்.

"நான்தான் ஏத்தினேன்."

உள்ளே இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"வரிசை எண்ணைப் பாருங்க டாக்டர். அப்பா எண்ணுக்குக் கொஞ்சம் தள்ளி, பதிமூணாம் தேதி எழுதிக் கொடுத்தவங்க எல்லாம் நவம்பர்லதான் இருப்பாங்க."

மருத்துவர் பார்த்தார். இருந்தார்கள். "இப்படி இன்னும் எத்தனை பேருக்கு?"

"தெரியல."

"பதிவுப் பிரிவு திருத்தணும். நாளைக்குத்தான் ஆள் வருவாங்க. தப்பு யாரோடதுன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும்."

"எழுதறேன்."

அண்ணன் அவளைப் பார்க்காமல் சொன்னார்: "கம்ப்யூட்டருக்கு இருக்கற இரக்கம்கூட உனக்கு இல்ல."

அவள் படிவத்தை வாங்கி, சுவரில் வைத்து எழுதினாள். பேனா இரண்டு முறை தாளைக் கிழித்தது.

செவ்வாய் மதியம் திருத்தம் வந்தது. 2.15க்குக் குழாயை எடுத்தார்கள். கைக்கட்டையும் அவிழ்த்தார்கள். நாற்பது நிமிடம் அவள் ஒரு கையைப் பிடித்திருந்தாள். அண்ணன் மறு கையை.

மாலை ஐந்து மணிக்கு அண்ணன் அப்பாவின் உடலோடு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. வண்டி கிளம்பியது. அவள் தெருவைக் கடந்து பேருந்துக்கு நின்றாள்.