பன்னிரண்டடி அப்பா

பிளெக்ஸ் சுருளின் ஒரு முனையைக் கடைக்காரன் விபின் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு பிரிஜா பின்னால் நகர்ந்தாள். பாதி விரிந்ததுமே நின்றுவிட்டாள். அப்பாவின் மீசை இருக்க வேண்டிய இடத்தில் நகம் அளவு கறுப்புச் சதுரங்கள் படிக்கட்டாக இறங்கின.

"நான் அப்பவே உங்க அண்ணன்ட்ட சென்னேன்" என்றான் விபின்.

இவ்வளவு பெரிதாக்கினால் முகம் உடைந்துவிடும் என்று அவளும்தான் சொன்னாள். அப்பாவின் படத்தை முன்பு அவள் வீட்டுக் கணினியில் வரைந்தது முந்நூறு பிக்சல் அகலத்தில். அதைவிடப் பெரிய கேன்வாஸ் திறந்தால் அந்தக் கிழட்டுக் கணினி மூச்சை விட்டுவிடும். அந்த அளவில் பிரஷ் அளவை மூன்றுக்கு வைத்து ஓர் இழுப்பு இழுத்தாலே முழுப் புருவம் வந்துவிட்டது. பெரிய கேன்வாஸில் அதே மூன்று ஒரு மயிரிழைதான். நல்ல கணினி கேட்டபோது, படம் வரைந்தால் சோறு வருமா என்று குவைத்திலிருந்து சிரித்தவன் அண்ணன் டெல்வின்.

அப்பா ஜஸ்டஸ் கடலோடு போனார். உடல் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்த போட்டோக்களைச் சுனாமி முன்பே கொண்டுபோயிருந்தது. இப்போது அந்தப் படமே வேண்டும் என்று அழுதவனும் டெல்வின்தான். உள்ளங்கை அளவில் அடித்தால் முகம் அப்படியே வரும், அம்மா கையில் வைத்துப் பார்க்கலாம் என்று பிரிஜா கெஞ்சினாள்.

"ஏட்டி, ஊரு சிரிக்கும். பன்னெண்டு அடிக்குக் கொறஞ்சு அப்பாவ வைக்கப்பிடாது."

அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. பேனர் கிடைத்தது.

இனயம் ஊரில், அவர்கள் வீட்டுச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். எதிர்ச் சுவரில் பேனரைக் கட்டினார்கள். ஏழாம் நாள் பூசை வரை வாசற்படி தாண்டக் கூடாத அம்மா ஞானசெல்வி, கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் தேடினாள்.

"மக்கா, இதில அப்பாவுக்க கண்ணு ஏது?"

பிரிஜா கையை வைத்துக் காட்டினாள். அம்மாவுக்குப் பிடிபடவில்லை. தள்ளி நின்றால் முகம் கூடிவரும். தள்ளிப் போக இடமில்லை; பின்னால் வீட்டுச் சுவர்தான்.

விபின் சந்து முனையில் ஒரு மொட்டைமாடியில் ஏறி, போனில் படமெடுத்து டெல்வினுக்கும் பிரிஜாவுக்கும் அனுப்பினான். உடனே பிரிஜாவின் போனில் அண்ணன் குரல் வந்தது.

"அப்பா மொகம் நல்ல தெளிவா இருக்கு. நீ வெறுதே பயந்த."

ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு, விபின் எடுத்த படத்தைத் திறந்து அம்மாவிடம் போனை நீட்டினாள். அம்மா வாங்கவில்லை.

"அவனுக்குத் தெரியுதுல்லா. போதும்."

உள்ளே திரும்பி, கதவைச் சாத்தினாள்.