எட்டாம் தேதி, ஒன்பதாம் தேதி

சம்பளம் ஏழாம் தேதி ஏறும். எட்டும் ஒன்பதும் நைட் ஷிஃப்ட்டுக்கு ஆள் வரமாட்டான். ஏன் வரமாட்டான்? குடித்துவிட்டுக் கிடப்பான். அந்தக் கான்ட்ராக்ட் கம்பெனி ஆபீஸில் எல்லாருக்கும் தெரிந்த உண்மை இது. நெய்வேலி டவுன்ஷிப்பில் சுரங்கத்துக்குக் கூலியாள் அனுப்புகிற சின்ன ஆபீஸ். அங்கே வருகைப்பதிவு பார்க்கிற ஃபர்ஹீனும் இரண்டு வருஷமாக இதை நம்பினாள். நம்பியது மட்டுமா? தன் கையாலேயே டைப் அடித்தாள். வராத நாளுக்குக் காரணம் போடாமல் கம்ப்யூட்டரில் அந்தப் பதிவுப் பக்கத்தை மூட முடியாது. "குடின்னு போடும்மா, வேற என்ன இருக்கப் போவுது" என்றார் மேனேஜர் தமிழ்மாறன். போட்டாள். அது மெமோவாக அச்சாகி ஆளின் வீட்டு விலாசத்துக்குப் போயிற்று.

எல்லாரும் வாயை மூடிக்கொண்டு போனார்கள், நல்லசாமியைத் தவிர. கம்மாபுரத்துக்காரர். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாருகிற வேலை. யாரும் கேட்காத நைட் ஷிஃப்ட்டை அவரே கேட்டு வாங்கிக்கொண்டவர். மாதா மாதம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்பார்.

"எட்டாந்தேதி வந்தேம்மா. வாரிகினுதான் இருந்தேன். ஒம்பதும் வந்தேன்."

"மெஷின்ல இல்லண்ணே. மெஷின் பொய் சொல்லுமா?"

இந்த மாதம் விஷயம் பெரிது. இரண்டு வருஷத்தில் நானூற்றெண்பது நாள் வேலை பார்த்தவர்கள் பேர் பெர்மனன்ட் பட்டியலுக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை கடைசி. நல்லசாமிக்குக் கணக்கில் நானூற்று நாற்பத்தாறுதான். பன்னிரண்டு வருஷம் கரி வாரியவருக்கு முப்பத்துநாலு நாள் குறைகிறதாம்.

ஃபர்ஹீன் அவருக்கு உதவி செய்ய நினைத்தாள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர் வாயை அடைக்கத்தான் கேட்டில் விரல் வைக்கிற மெஷினின் அசல் பதிவைத் திறந்தாள். எட்டாம் தேதி இரவு ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு நல்லசாமியின் விரல் உள்ளே போயிருந்தது. காலை ஆறு பத்துக்கு வெளியே வந்திருந்தது. முந்தின மாதமும் அப்படித்தான். அதற்கு முந்தின மாதமும்.

அசல் பதிவை நாள்கணக்காக மாற்றுவது சென்னையிலிருக்கும் அறிவழகன் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட். ஷெல் என்றால் கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தாகத் தட்டி வேலை வாங்குகிற சமாச்சாரம்; அந்தக் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்தால் ஸ்கிரிப்ட். 'எட்டும் ஒன்பதும் கணக்கில் விழவில்லை, பாருங்கள்' என்று அவனுக்கு மெயில் போட்டாள். பத்தே நிமிஷத்தில் பதில்: 'ஓட்டிப் பார்த்தேன். சரியாக வருகிறது. தவறு உங்கள் பக்கம். புகார் முடிக்கப்பட்டது.'

அன்று தேதி பதினாலு. எட்டையும் ஒன்பதையும் விட்டுப் பதினாலை ஓட்டிப் பார்த்தால் ஏன் சரியாக வராது? மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் இப்படிப் பத்து நிமிஷத்தில் பதில் எழுத வரும். ஃபர்ஹீனுக்குச் சுர்ரென்று ஏறியது.

டிப்ளமோவில் படித்த அரைகுறை ஷெல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்கிரிப்டை நகல் எடுத்து ஒவ்வொரு தேதியாகக் கொடுத்தாள். 07 என்றால் ஓடியது. 08 என்றதும் பேச்சில்லை. 09, பேச்சில்லை. 10 வந்ததும் பழையபடி ஓடியது. பிழை என்று ஒரு வார்த்தைகூடத் திரையில் வரவில்லை. எப்படி வரும்? பிழை எது வந்தாலும் யாருக்கும் காட்டாமல் குப்பையில் போடு என்று வரியின் கடைசியில் எழுதி வைத்திருந்தான் அந்த மகராசன். அந்தத் துண்டை அழித்துவிட்டு மறுபடி 08 கொடுத்தாள். திரை கத்தியது.

காரணத்தைத் தேடிப் படித்தபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எண் பூஜ்யத்தில் தொடங்கினால் ஷெல் அதைப் பத்துக்கணக்காக எடுக்காது, எட்டுக்கணக்காக எடுக்கும். எட்டுக்கணக்கில் ஏழுக்கு மேல் இலக்கமே கிடையாது. 08, 09 என்றால் இது என்ன எண் என்று நின்றுவிடும். நைட் ஷிஃப்ட் ஆள் மறுநாள் காலைதான் வெளியே வருவான் என்பதால் அவனுக்குத் தேதியோடு ஒன்றைக் கூட்ட வேண்டும்; அடி அவர்களுக்கு மட்டும். இரண்டு வருஷம், அறுபத்தோரு ஆட்கள். சரிசெய்ய, இது பத்துக்கணக்கு என்று சொல்லும் மூன்று எழுத்து போதும்.

போனில் அறிவழகன் அசரவில்லை. "அது ஸ்கிரிப்ட் தப்பு இல்லைங்க. ஷெல்லோட குணமே அதான். டாகுமென்ட்ல தெளிவா இருக்கு."

"ஷெல்லோட குணம் இருக்கட்டும் சார். கத்துனதக் கேக்கவிடாம வாயப் பொத்துனது யாரோட குணம்? மனுசன் வேலைக்கு வந்துட்டுப் போயிருக்கான், குடிச்சிட்டுக் கெடந்தான்னு எழுதியிருக்கோம் சார்!"

"கத்தாதீங்க. டிக்கெட் போடுங்க, பாக்கலாம்."

டிக்கெட் என்றால் எழுத்தில் புகார். போட்டாள். இந்தத் தேதி கொடு, இது நடக்கும், இந்தத் துண்டை எடு, இது தெரியும் என்று ஒவ்வொரு படியாக, பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எழுதினாள். மூன்று எழுத்தைச் சேர்த்து இருபத்துநாலு மாதத்தையும் மறுபடி ஓட்டினாள். வார ஓய்வு போக நல்லசாமிக்கு நாற்பத்தோரு நாள் திரும்பி வந்தது. நானூற்று எண்பத்தேழு.

தமிழ்மாறன் அவள் நீட்டிய புதுக் கணக்குத் தாளைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "அடுத்த மாசத்துலேர்ந்து சரி பண்ணிக்கலாம். பழச நோண்டாத. பட்டியல் போயாச்சு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு சார்."

"ரெண்டு வருசமா தப்பா கணக்கு குடுத்தோம்னு நாமளே போய் நிக்கணுமா? உன் கான்ட்ராக்ட்டும் மார்ச்ல ரின்யூவலுக்கு வருது. ஞாபகம் இருக்கட்டும்."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. வீட்டு வாடகையும் ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த 'குடி' என்ற இரண்டெழுத்தைத் தட்டிய விரல் அவளுடையது. இடத்துக்கு வந்தாள். பட்டியல் பார்க்கிற அதிகாரிக்கும் யூனியனுக்கும் சேர்த்து, அறுபத்தோரு பேர் கணக்கையும் தன் பேரிலேயே அனுப்பினாள். பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

நல்லசாமியை வரச்சொல்லித் திரையைத் திருப்பிக் காட்டினாள். "நானூத்தி எம்பத்தேழுண்ணே. நீங்க எல்லா நாளும் வந்திருக்கீங்க. உங்க பேரு பட்டியலுக்குப் போயிடுச்சி."

அவர் முகம் மலரும் என்று காத்திருந்தாள். மலரவில்லை.

"நான் வந்தேன்னு எனக்குத் தெரியாதாம்மா?" என்றார். "ரெண்டு வருசமா இந்த ஜன்னல்ல வந்து சொல்லிகினே இருந்தனே."

ஃபர்ஹீன் தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புதாண்ணே. இந்தாங்க, பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன்."

அவர் தாளைத் தொடவில்லை. "உங்க மெமோவ எம் பொண்டாட்டி தனகோட்டிதான் பிரிச்சிப் படிச்சா. அதுலேர்ந்து ஒம்பதாந்தேதி காலையிலயும் பத்தாந்தேதி காலையிலயும் வூட்டு வாசல்லயே நிறுத்தி, என் வாய மோந்து பாத்துட்டுத்தான் உள்ள வுடுறா. பசங்க பாத்துகினு நிக்கும். பொறந்ததுலேர்ந்து தொட்டதில்லம்மா நான்."

ஃபர்ஹீன் தாளை மறுபடி ஜன்னல் வழியே நீட்டினாள்.

"இந்தச் சீட்ட நான் கொண்டுபோய்க் குடுத்தா, யாரையோ புடிச்சி எழுதி வாங்கிகினு வந்துட்டேன்னு சொல்லுவா. எழுதுனது நீதான? நீ வா. வந்து அவகிட்ட உன் வாயால சொல்லு."

ஃபர்ஹீன் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். எங்கே போகிறாய் என்று தமிழ்மாறன் உள்ளேயிருந்து கத்தினார். அவள் நல்லசாமியின் பின்னால் கம்மாபுரம் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தாள். அந்த அம்மாள் முகத்தைப் பார்த்து முதல் வார்த்தையை எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.